சிங்கப்பூர் – நியூயார்க்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் விமான டிக்கெட் பதிவு செய்துகொடுப்பது என் தொழில். நியூயார்க் டிக்கெட் கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது விலை, அடுத்தது தூரம். தூரத்தைச் சொன்னதும் கைபேசியை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்குவார்கள். கணக்கு ஒத்து வராது. அங்கிருந்து கேள்விகள் கிளம்பும். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உண்மையில் கவனிக்க வேண்டியது கிலோமீட்டர் அல்ல, கடிகாரம் என்பது என் கட்சி. ஆனாலும் எல்லாரும் கேட்பதால் கிலோமீட்டரிலிருந்தே தொடங்குகிறேன்.

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எத்தனை கிலோமீட்டர்?

சாங்கி விமான நிலையத்திலிருந்து ஜான் எப். கென்னடி விமான நிலையத்துக்கு வான்வழியில் சுமார் 15,350 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டரை ஒட்டியது. ஆகவே, பூமியில் ஓரிடத்திலிருந்து எந்தத் திசையில் போனாலும் 20,000 கிலோமீட்டருக்கு மேல் விலகிச் செல்ல முடியாது. அந்த உச்ச தூரத்தில் முக்கால் பங்குக்கு மேல் இந்த ஒரே பயணத்தில் கடந்துவிடுகிறோம். வழக்கமாக ஓடும் இடைநில்லாப் பயணிகள் விமானங்களில் இன்று உலகிலேயே மிக நீண்ட தூரம் பறப்பது இந்த வழித்தடத்தில்தான்.

ஓரிடத்தில் 9,537 மைல் என்று போட்டிருக்கிறது, இன்னோரிடத்தில் 8,288 மைல். எதை நம்புவது?

இரண்டும் சரிதான். முன்னது சாலையில் பயன்படும் சாதாரண மைல், 1.609 கிலோமீட்டர். பின்னது கடல் மைல், 1.852 கிலோமீட்டர். கப்பல்காரர்களும் விமானிகளும் கடல் மைலில்தான் பேசுவார்கள். எதுவென்று குறிப்பிடாமல் வெறும் ‘மைல்’ என்று போடுகிறவர்களைத்தான் குறை சொல்ல வேண்டும்.

எத்தனை மணி நேரம் ஆகும்? சுற்றி வளைக்காமல் ஒரு பதில் சொல்லுங்கள்.

பதினெட்டரை மணி முதல் பத்தொன்பது மணி நேரம் வரை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்.க்யூ. 24 சாங்கியிலிருந்து போகிறது, எஸ்.க்யூ. 23 திரும்பி வருகிறது. அட்டவணை பருவத்துக்குப் பருவம் சில நிமிடங்கள் மாறும். அன்றைய காற்றைப் பொறுத்து அரை மணி, ஒரு மணி நேரம் முன்னதாக இறங்குவதும் சகஜம்.

15,350-ஐ 900-ஆல் வகுத்தால் 17 மணி நேரம்தானே வருகிறது? மீதி நேரம் எங்கே போனது?

மணிக்கு 900 கிலோமீட்டர் என்பது விமானம் உயரத்தில் சீராகப் பறக்கும்போது உள்ள வேகம். டிக்கெட்டில் இருக்கும் நேரமோ விமான நிலைய வாசல் (கேட்) முதல் வாசல் வரை உள்ள நேரம். சாங்கியில் விமானம் வாசலை விட்டுப் பின்னால் நகரும்போதே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ஓடுபாதைக்குப் போவது, முறைக்குக் காத்திருப்பது, மேலேறுவது, நியூயார்க்கின் நெரிசலான வானத்தில் வரிசையில் இறங்குவது, இறங்கியபின் வாசலுக்கு ஊர்ந்து போவது எல்லாம் அதில் அடங்கும்.

இன்னொன்று, 15,350 என்பது குறைந்தபட்ச தூரம். எந்த விமானமும் அந்தக் கோட்டில் அப்படியே பறப்பதில்லை. இது ஏன் என்பதைக் கீழே பாதை பற்றிய கேள்வியில் விளக்கியிருக்கிறேன்.

மதியம் 12 மணிக்குக் கிளம்பி அதே நாள் மாலை ஆறரைக்குப் போய்விடுகிறோமே, அப்படியானால் ஆறரை மணி நேரப் பயணம்தானா?

இந்தக் கேள்வியைக் கேட்காத வாரமே இல்லை. இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் கடிகாரம் சிங்கப்பூருக்குக் கோடையில் 12 மணி நேரமும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் பின்தங்கி இருக்கிறது. சாங்கியில் செவ்வாய் நண்பகல் 12 என்றால், கோடையில் நியூயார்க்கில் அப்போதுதான் செவ்வாய்க்கிழமையே பிறக்கிறது, நள்ளிரவு 12 மணி. அதிலிருந்து பதினெட்டரை மணி நேரம் எண்ணினால் மாலை 6.30. கணக்கு நேராகிவிட்டது.

கோடை என்று இங்கே சொல்வது மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை. அந்த மாதங்களில் அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள், சிங்கப்பூரில் அந்த வழக்கம் இல்லை. முள் கடிகாரம் கட்டியவர்கள் கோடையில் எதையும் திருப்ப வேண்டியதில்லை. பகல் இரவாகிவிடும், முள் மட்டும் அதே இடத்தில் இருக்கும்.

திரும்பி வரும் டிக்கெட்டில் +2 என்று போட்டிருக்கிறது. இரண்டு நாளா பறக்கிறது?

பறப்பது அதே பதினெட்டரை, பத்தொன்பது மணி நேரம்தான். மேலே சொன்ன கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். திங்கள் இரவு 10.30-க்கு நியூயார்க்கில் ஏறுகிறீர்கள். அப்போது சிங்கப்பூரில் செவ்வாய் காலை 10.30 ஆகிவிட்டது. விமானம் வந்து சேரும்போது புதன் விடியற்காலை ஐந்து மணியைத் தாண்டியிருக்கும். திங்களுக்குப் புதன் இரண்டாம் நாள் என்பதால் +2. செவ்வாய்க்கிழமை முழுவதும் வானத்திலேயே கழிந்துவிடும்.

விடுமுறை எழுதிக்கொடுக்கும்போது இதைக் கவனியுங்கள். “திங்கள் இரவு கிளம்பி செவ்வாய் மதியம் அலுவலகம் வந்துவிடுகிறேன்” என்று மேலாளரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்து விழிக்கிறவர்கள் உண்டு.

நான் செவ்வாய்க்கிழமை விரதம் இருப்பவள். செவ்வாயன்று பறந்தால் எந்த நேரப்படி இருப்பது?

அம்மா, விரதத்துக்கு விதி சொல்லும் தகுதி எனக்கில்லை, மணிக்கணக்கை மட்டும் சொல்கிறேன். செவ்வாய் நண்பகல் சாங்கியில் ஏறினால், சிங்கப்பூர் நள்ளிரவில் தொடங்கி நியூயார்க் நள்ளிரவு வரை அந்தச் செவ்வாய் கோடையில் 36 மணி நேரம் நீளும். சூரியன் உதித்து மறையும்வரை என்று வைத்துக்கொண்டால், சிங்கப்பூரில் காலை ஏழு மணி உதயம் முதல் நியூயார்க்கில் மாலை ஏழு மணி வாக்கிலான அஸ்தமனம் வரை ஒரு முழு நாள் ஆகிறது. நடுவே வானத்தில் ஒருமுறை இருட்டி மறுபடி விடிவது வேறு.

ஏறிய ஊரின் நேரத்தைப் பிடித்துக்கொள்வதே உடம்புக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம். திரும்பும்போது நிலைமை நேர்மாறு. சிங்கப்பூர் கடிகாரம் முன்னே ஓடுவதால் அந்தக் கிழமை சுருங்கிவிடும்.

உலகப் படத்தில் பார்த்தால் இந்தியா, ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாகத்தான் நேர்கோடு போகிறது. அதுதானே குறுக்கு வழி?

தட்டையான படம் ஏமாற்றும். வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் நேராக வடக்கே ஏறும். தாய்லாந்து, சீனா, மங்கோலியா, சைபீரியா வழியாக வட துருவத்தை 300 கிலோமீட்டர் நெருக்கத்தில் உரசிக்கொண்டு, கனடாவுக்குள் இறங்கி நியூயார்க்கை அடையும். காரணம் எளிது. இரண்டு ஊர்களுக்கும் இடையே தீர்க்கரேகையில் ஏறக்குறைய 178 பாகை வித்தியாசம், அதாவது பூமியின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். அப்படி இருக்கும்போது உச்சியைத் தாண்டிப் போவதே சுருக்கம்.

அப்படியானால் விமானம் வட துருவத்தின் மேல்தான் பறக்கிறதா? போன முறை திரையில் பசிபிக் கடல்தானே தெரிந்தது?

திரையில் பார்த்தது சரி. சிங்கப்பூரிலிருந்து போகும் விமானம் பெரும்பாலும் வடகிழக்கே திரும்பி, ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கைக் கடந்து, அலாஸ்காவை ஒட்டியோ அதற்குத் தெற்கேயோ வட அமெரிக்காவுக்குள் நுழையும். அப்படிப் பறக்கும்போது தூரம் 16,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். இருந்தும் அந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பதற்குக் காற்றுதான் காரணம்.

ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று வீசுகிறது. குளிர்காலத்தில் அது இன்னும் வலுக்கும், சில நாள்களில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: 15,350 கிலோமீட்டர் பாதையில் சராசரியாக மணிக்கு 100 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் பறக்க 19 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 16,500 கிலோமீட்டர் பாதையில் அதே அளவு காற்று பின்னாலிருந்து தள்ளினால் பதினாறரை மணி நேரம் போதும். தூரம் கூடுகிறது, நேரமும் எரிபொருளும் மிச்சமாகின்றன. ஆகையால் ஒவ்வொரு நாளும் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு அன்றைய காற்றைப் பார்த்துத்தான் பாதை வகுக்கிறார்கள்.

திரும்பும்போது அதே பசிபிக் வழியே வந்தால் அதே காற்று முகத்தில் அறையும். அதனால் பல நாள்களில் எஸ்.க்யூ. 23 நியூயார்க்கிலிருந்து கிழக்கே அட்லாண்டிக்கைத் தாண்டி, ஐரோப்பா, ஆசியா வழியாக வருகிறது. அப்படி அமைந்தால், போய்வந்த பயணி பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். எனக்கு இந்த வழித்தடத்தில் மிகப் பிடித்த விஷயம் இதுதான், ஆனால் பயணிகளில் பெரும்பாலோர் அதை அறியாமல் தூங்கிவிடுகிறார்கள். நூல் காட்டிய துருவப் பாதைக்கு வேறு சிக்கல்களும் உண்டு: எந்த நாட்டு வான்வெளி திறந்திருக்கிறது என்ற அரசியல், எரிபொருள் உறைநிலையை நெருங்கும் கடுங்குளிர், அவசரத்துக்கு இறங்க விமான நிலையங்கள் குறைவு என்பவை.

பசிபிக் வழியாகப் போனால் தேதிக் கோட்டைத் தாண்டுகிறோம். ஒரு நாள் மிச்சமாகும் என்கிறார்களே?

மிச்சமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு விமானங்கள் சாங்கியிலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பசிபிக் வழி, மற்றொன்று ஐரோப்பா வழி. இரண்டும் பதினெட்டரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால் நியூயார்க் கடிகாரம் இரண்டுக்கும் ஒரே தேதியையும் ஒரே நேரத்தையும்தான் காட்டும்.

பசிபிக் வழியில் போகிறவர் கிழக்கே நகர நகரக் கடிகாரத்தை முன்னே தள்ளிக்கொண்டே போய், தேதிக் கோட்டில் ஒரே அடியாக ஒரு நாள் பின்னே வைக்கிறார். ஐரோப்பா வழியில் போகிறவர் வழியெங்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே வைக்கிறார். கூட்டிக் கழித்தால் இருவருக்கும் 12 மணி நேரமே. பசிபிக் வழியில் போகிறவருக்கு ஒரு வேடிக்கை மட்டும் கிடைக்கும்: செவ்வாய் மதியம் ஏறி, இருட்டி, விடிந்தபிறகும் கீழே இருக்கும் ஊரில் செவ்வாய்க்கிழமையாகவே இருக்கும்.

பூமிதான் சுற்றுகிறதே, விமானம் மேலே போய் ஒரே இடத்தில் நின்றால் 12 மணி நேரத்தில் நியூயார்க் தானாகக் கீழே வந்துவிடாதா?

பள்ளி மாணவர்கள் மட்டுமல்ல, பெரியவர்களும் கேட்கிறார்கள். வராது. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் சாங்கியில் நின்றுகொண்டிருக்கும் விமானமே மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டுதான் இருக்கிறது, மேலே ஏறியபின்னும் அந்த வேகம் அதனுடனேயே இருக்கும். ஓடும் ரயிலுக்குள் துள்ளிக் குதித்தால் பின்பெட்டியில் போய் விழுவதில்லை, அதைப் போலத்தான். நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மேலே சொன்ன ஜெட் காற்று.

2018-இல்தான் இந்த விமானம் வந்தது என்கிறார்கள். என் மைத்துனர் 2005-லேயே நேராகப் போனேன் என்கிறாரே?

மைத்துனர் பொய் சொல்லவில்லை. 2004 ஜூன் மாதம் சிங்கப்பூர் – நூவர்க் (நியூயார்க்கை ஒட்டி நியூஜெர்சியில் இருக்கும் விமான நிலையம்) இடைநில்லாச் சேவை தொடங்கியது. அப்போது ஓடியது நான்கு எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500. நான்கு எஞ்சின்கள் குடித்த எரிபொருளுக்குக் கட்டுப்படியாகவில்லை. 2008-இல் நூறு பிசினஸ் இருக்கைகள் மட்டும் என்று மாற்றியும் பார்த்தார்கள். 2013 நவம்பரில் சேவை நின்றது.

இரண்டு எஞ்சின் கொண்ட ஏ350-900 அல்ட்ரா லாங் ரேஞ்ச் விமானம் வந்தபிறகு 2018 அக்டோபர் 11 அன்று நூவர்க் சேவை மீண்டும் தொடங்கியது. கென்னடி விமான நிலையத்துக்கு இடைநில்லாமல் பறக்கத் தொடங்கியது 2020 நவம்பரில், கொரோனா காலத்தில்.

நடுக்கடலில் ஒரு எஞ்சின் நின்றுவிட்டால்?

ஒற்றை எஞ்சினிலேயே பறந்து, இறங்கத் தகுந்த விமான நிலையத்தை அடைய வேண்டும் என்ற விதியை வைத்தே பாதை வகுக்கப்படுகிறது. ஏ350 ரகத்துக்கு 370 நிமிடங்கள் வரை, அதாவது ஆறு மணி நேரத்துக்கு மேல், அப்படிப் பறக்க 2014-இல் ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பு அனுமதி அளித்தது. விமானிகளும் இருவர் அல்லர், நால்வர். முறை வைத்து, தனி அறையில் படுத்து ஓய்வெடுத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

எகானமி டிக்கெட் ஒன்று போடுங்கள். ஏன் இல்லை என்கிறீர்கள்?

அந்த விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி (எகானமிக்கும் பிசினஸுக்கும் இடைப்பட்ட வகுப்பு), மொத்தம் 161 இருக்கைகள். இதே நிறுவனத்தின் சாதாரண நெடுந்தூர ஏ350-900 விமானத்தில் 253 பேர் உட்காருகிறார்கள்.

எல்லாம் எடைக் கணக்குதான். இந்த விமானத்தின் தொட்டிகள் 1,65,000 லிட்டர் கொள்ளும். நிரப்பினால் எரிபொருள் மட்டும் 130 டன்னை ஒட்டி வரும். விமானம் மேலெழும்பும்போது இருக்கக்கூடிய உச்ச எடை 280 டன், அதில் கிட்டத்தட்டப் பாதி எரிபொருளே. பத்தாவது மணி நேரத்தில் எரியப்போகும் எரிபொருளை முதல் ஒன்பது மணி நேரமும் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும், அதற்கும் எரிபொருள் வேண்டும். ஆள் கூடினால் தூரம் குறையும். ஆகவே குறைவான ஆட்களை ஏற்றி, அதிக விலைக்கு விற்கிறார்கள்.

டோக்கியோவிலோ பிராங்பர்ட்டிலோ மாறிப் போனால் எவ்வளவு கூடும்?

கிலோமீட்டரில் பெரிதாக ஒன்றும் கூடாது. டோக்கியோ வழி சுமார் 16,200. பிராங்பர்ட் வழி சுமார் 16,500. துபாய் வழி 16,900-ஐ ஒட்டி வரும். நேரத்தில்தான் வித்தியாசம். இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏறி என்று பெரும்பாலும் 23, 24 மணி நேரம் ஆகிவிடும். இணைப்பு சரியாக அமையாவிட்டால் முப்பதையும் தொடும்.

டிக்கெட் எண்ணையும் பார்த்து வாங்குங்கள். எஸ்.க்யூ. 26-உம் சிங்கப்பூர் – நியூயார்க் விமானம்தான், ஒரே எண்தான், ஆனால் பிராங்பர்ட்டில் நின்று போகும். விலை குறைவாக இருக்கிறதே என்று பதிவு செய்துவிட்டு, ஜெர்மனியில் இறங்கச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தொலைபேசியில் புகார் சொன்னவர்கள் இருக்கிறார்கள். மாறாக, எகானமியில் போகவேண்டும், கால் நீட்டி நடக்கவேண்டும் என்பவர்களுக்கு நான் இதையே பரிந்துரைக்கிறேன்.

அம்மா அப்பா சென்னையிலிருந்து நியூயார்க் போகிறார்கள். சிங்கப்பூர் வந்து இந்த நீள விமானத்தில் ஏற்றிவிடலாமா?

உங்களைப் பார்த்துவிட்டுப் போவதுதான் நோக்கம் என்றால் தாராளமாக. மற்றபடி அது பின்னால் போய் முன்னால் வருவது. சென்னை – நியூயார்க் வான்வழித் தூரம் ஏறக்குறைய 13,500 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியே போனால் 2,900-உம் 15,350-உம் சேர்ந்து 18,250 கிலோமீட்டர். நாலாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் வீண். சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு இடைநில்லா விமானம் இல்லைதான். ஆனால் டெல்லி வழியாகப் போனால் தூரம் கூடுவதே இல்லை, துபாய் வழியாகப் போனால் 500 கிலோமீட்டர் போலக் கூடும்.

நூவர்க்கா, கென்னடியா? எது கிட்டே?

சாங்கியிலிருந்து இரண்டும் ஒன்றுதான், ஐந்தாறு கிலோமீட்டர் வித்தியாசத்தைப் பேசுவதில் பயனில்லை. இறங்கியபின் எங்கே போகிறீர்கள் என்பதைப் பாருங்கள். நூவர்க் இருப்பது நியூஜெர்சி மாநிலத்தில். எடிசன், ஜெர்சி சிட்டி பக்கம் பிள்ளைகள் இருந்தால் அங்கே இறங்குவதே நல்லது. குயின்ஸ், லாங் ஐலண்ட் என்றால் கென்னடி. தவறான பக்கம் இறங்கினால் மன்ஹாட்டனைத் தாண்டும் போக்குவரத்து நெரிசலில் இரண்டு மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும்.

தினமும் காலை எட்டு, இரவு எட்டு மாத்திரை சாப்பிடுகிறேன். பயணத்தில் எந்த நேரத்தைப் பார்ப்பது?

ஏறும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் பேசும்போது வித்தியாசம் 12 மணி நேரமா 13 மணி நேரமா என்பதைச் சொல்லிவிட்டால் அவர் வேலை எளிதாகும். கோடையில் போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரே மாத்திரை என்றால், சிங்கப்பூரின் இரவு எட்டுதான் நியூயார்க்கின் காலை எட்டு, இடைவெளி அப்படியே பொருந்திவிடும். காலைக்கு ஒன்று, இரவுக்கு வேறு ஒன்று என்றிருந்தாலோ, சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் என்றாலோ அப்படிப் பொருந்தாது. அதற்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் நேரப் பட்டியல் வேண்டும்.

விமானத்தில் இருக்கும்வரை கைக்கடிகாரத்தை ஏறிய ஊர் நேரத்திலேயே விட்டுவையுங்கள். மாத்திரைகளையும் மருந்துச் சீட்டையும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். கால் வீக்கம், ரத்தக்கட்டு வரலாறு உள்ளவர்கள் இறுக்கக் காலுறை பற்றியும் அதே மருத்துவரிடம் கேளுங்கள். நடைபாதை ஓர இருக்கை வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது.